ஒரு பெயரில் பலர்: மானிப்பாய் வைத்தியர் கிறீன்

தமிழரிடையே குடும்பப்பெயர் என்ற ஒன்று வழக்கில் இருந்ததில்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும். மணமானபின் பெண்ணுக்குக் கணவரின் பெயர் அந்த இடத்துக்கு வரும். கடல் கடந்து சென்ற நம் சகோதரிகள் விண்ணப்பப் படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தைக் கண்டபோது தகப்பனாரின் பெயரையோ கணவரின் பெயரையோ எழுதினார்கள். அது அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே நிலைத்துவிட்டது. பழைய மாணவிகளின் பட்டியல் ஒன்றைத் தொகுக்க முயன்ற எவருக்கும் இதன் சிரமம் தெரியும். வகுப்பு இடாப்பில் ஒரு பெயராகவும், கனடாவில் ஒரு பெயராகவும், அவுஸ்திரேலியாவில் வேறொரு பெயராகவும் இருப்பவர் ஒருவரேதானா என்று விசாரித்து அறியவேண்டியிருக்கிறது.

ஆங்கிலப் பெயர்களில் சிரமம் வேறுவிதமானது. அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப்பெயர் தொடரும். ஒருவருக்கொருவர் உறவே இல்லாத பலர் அதே பெயரைத் தாங்கி நிற்பார்கள். கிறீன் என்பது அப்படியான ஒரு பெயர். ஊர்ப் பொதுப் புற்றரைக்கு அருகே குடியிருந்தவரை முன்னாளில் அப்பெயரால் அழைத்தார்கள். புற்றரை உள்ள ஊர்கள் இங்கிலாந்தில் பல. ஆகவே கிறீன்களுக்கும் குறைவில்லை. நூலகப் பெயரட்டையில் கிறீன் என்று தேடுபவர் ஒரு பெருங்கூட்டத்தையே சந்திப்பார். அக்கூட்டத்தில் நமக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாழ்க்கையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் மற்றவர்களைச் சற்று அறிமுகம் செய்து, வழியைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

கிறீன் என்ற பெயருடையோர்

அமெரிக்க விடுதலைப் போரில் படை நடத்திய நதானியேல் கிறீன் 1742இல் பிறந்து 1786இல் மறைந்தவர். ஆங்கில நாவலாசிரியர் கிரகாம் கிறீன் 1904 முதல் 1991 வரை வாழ்ந்தவர். இவ்விருவர் பெயரிலும் ஆங்கிலத்தில் ஈற்றெழுத்து ஒன்று கூடுதலாக வரும். தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் மறைந்துவிடுகிறது.

நம் நாட்டிலேயே இன்னொரு கிறீன் இருந்தார். எட்வேட் ஏர்ணஸ்ற் கிறீன் 1861இல் பிறந்தவர். இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளராகப் பேராதனையில் கடமையாற்றியவர். செடிகளின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் பல பாகங்களாக வெளிவந்தது. கோப்பிச் செடியைத் தாக்கும் பச்சைச் செதிற்பூச்சியை விவரித்து அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டவரும் அவரே. பச்சை என்ற பொருளுள்ள பெயரையுடைய ஒருவர் பச்சைப் பூச்சிக்குப் பெயரிட்டது ஒரு வேடிக்கையான பொருத்தம். தாவரவியல், விலங்கியல் படித்த நம் மாணவிகள் சிலர் யாழ்ப்பாணத்துக் கிறீனையும் பேராதனைக் கிறீனையும் ஒருவராக எண்ணுவது உண்டு. இருவருக்கும் உறவில்லை.

இன்னும் பெரிய மயக்கம் அமெரிக்காவில் உள்ளது. மசாச்சுசெற்ஸ் மாநிலத்தில் ஒரே நூற்றாண்டில் மூன்று சாமுவேல் கிறீன்கள் பெயர்பெற்று வாழ்ந்தார்கள். ஒருவர் சாமுவேல் அபட் கிறீன். அவரும் வைத்தியரே, 1882இல் பொஸ்ரன் நகர மேயராக இருந்தவர். இன்னொருவர் சாமுவேல் சுவெற் கிறீன். வூஸ்ரர் நகரப் பொது நூலகத்தின் நூலகராக இருந்து, வாசகரின் கேள்விகளுக்கு விடை தேடிக் கொடுப்பதும் நூலகரின் கடமை என்று நிலைநாட்டியவர். இவ்விருவரும் 1830களில் பிறந்தவர்கள், 1918இல் மறைந்தவர்கள். மூன்றாமவர், மூவரிலும் மூத்தவர், சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாய்க்கு வந்தவர் இவரே. பெயரின் நடுவில் வரும் பிஸ்க் என்ற சொல்லை விட்டுவிட்டால் ஒருவரின் வரலாறு மற்றவரின் தலையில் ஏறிவிடும்.

வூஸ்ரரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் திகதி வூஸ்ரரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். வீட்டில் பதினொரு பிள்ளைகள். குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணை இருந்த குன்றுக்குக் குடும்பப்பெயரே வழங்கியது. கிறீன் ஹில் என்பார்கள். அது இன்று அந்நகரின் பூங்கா. ஆறுமுக நாவலர் நல்லூரிலே பிறந்ததும் இதே 1822ஆம் ஆண்டில்தான், டிசம்பர் மாதத்தில். ஒருவரையொருவர் அறியாத இரு திசைகளில் இரண்டு மாத இடைவெளியில் பிறந்த இவ்விருவரும் பின்னாளில் சமய விடயத்தில் எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஆயினும் கற்றவருக்கு மட்டும் உரியதாயிருந்த அறிவைத் தமிழ் உரைநடையில் அச்சேற்றிப் பலரிடம் சேர்ப்பதில் இருவரும் ஒரே வேலையைச் செய்தார்கள்.

சாமுவேலுக்கு இரண்டு வயது மூத்தவர் அண்ணன் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன். இவர் நியூயோர்க்கில் வழக்கறிஞராகி அந்நகரின் பொது வாழ்வில் உயர்ந்தார். நடுப்பூங்கா உருவான காலத்தில் அதன் ஆணையாளர்களுள் முதன்மையாக நின்றவர். பிரிந்து கிடந்த ஊர்கள் 1898இல் ஒன்றிணைந்து இன்றைய பெருநகராவதற்கு நெடுங்காலம் பாடுபட்டவர். தம்பியோ நியூயோர்க்கில் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றதும் வேறு பாதையைத் தேர்ந்தார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கிவந்தது. வைத்தியர் ஜோன் ஸ்கடரும், பின்னர் வைத்தியர் நேதன் வாட்டும் இங்கே பணிபுரிந்திருந்தார்கள். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே நோயாளரைப் பார்க்கும் இடமும் மாணவருக்கு மருத்துவம் கற்பிக்கும் வகுப்பும் ஒருங்கே தொடங்கின. கொழும்பில் மருத்துவக் கல்லூரி அமைந்தது 1870இல் என்பதை நினைத்துப்பார்த்தால் மானிப்பாய் வகுப்பின் முதன்மை விளங்கும்.

அன்றைய மருத்துவத்தை இன்றைய கண்ணால் அளக்கக்கூடாது. ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது பொஸ்ரனில் 1846இல்தான் பகிரங்கமாகக் காட்டப்பட்டது. கிருமிகளால் நோய் வருகிறது என்ற கொள்கை இன்னும் நிலைபெறவில்லை. யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி மீண்டும் மீண்டும் வந்து ஊரூராக உயிர்களைக் கொண்டுபோன காலம் அது. அதன் காரணத்தை உலகில் எந்த வைத்தியரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை. அந்நிலையில் கிறீனும் அவருடைய மாணவரும் வீடு வீடாகச் சென்று மருந்து கொடுத்தார்கள். நோயைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் எளிய தமிழில் துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டுப் பரப்பினார்கள். புத்தகம் இல்லாமல் சிகிச்சை மட்டும் போதாது என்ற எண்ணம் அவரிடம் தொடக்கத்திலேயே இருந்தது.

ஆங்கிலப் பெயர் தாங்கிய தமிழ் மாணவர்

கிறீனின் மாணவர் பெயர்களைப் படிப்பவர் அவர்கள் அமெரிக்கர் என்றே எண்ணுவார். டான்போத், சப்மன் என்று வரும். இவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். மிஷன் விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் உள்ள ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரையே அப்பிள்ளைக்கு இடுவது வழக்கமாயிருந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த ஆண்களும் 1824இல் தொடங்கிய உடுவில் பாடசாலையில் படித்த பெண்களும் இவ்வாறு பெயர் பெற்றார்கள். பாவலர் சரித்திர தீபகம் தந்த சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்பதும், நியாய இலக்கணம் எழுதிய சிதம்பரப்பிள்ளைக்கு நெவின்ஸ் என்பதும், கணிதம் வல்ல விசுவநாதபிள்ளைக்குக் கறல் என்பதும் அப்படி வந்து ஒட்டிய பெயர்களே.

முகம் அறியாத ஒருவரின் நன்கொடையால் ஒரு பிள்ளை படித்தது. அதற்கு விலையாகத் தன் பெயரின் ஒரு பகுதியை இழந்தது. இதை நன்மை என்று மட்டும் சொல்லவும் மனம் வராது, தீமை என்று மட்டும் ஒதுக்கவும் இயலாது. ஆனால் ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. இப்பெயர்களைத் தாங்கியவர்களே தமிழில் இலக்கண நூலும் தருக்க நூலும் மருத்துவ நூலும் எழுதினார்கள். பெயர் மாறியபோது அவர்கள் மொழி மாறவில்லை.

கிறீனுடைய மனமும் இவ்விடயத்தில் தெளிவாயிருந்தது. கிறிஸ்தவராகும் தமிழர் உடையிலும் உணவிலும் நடைமுறையிலும் ஐரோப்பியரைப் போல் ஆகவேண்டியதில்லை, தமிழராகவே இருக்கவேண்டும் என்பது அவர் கருத்து. மிஷனரிகள் பலரிடம் இந்த எண்ணம் இருக்கவில்லை.

தமிழில் மருத்துவம்

தொடக்கத்தில் மானிப்பாய் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தமையால் வேறு வழியும் இல்லை. படித்து வெளியேறிய வைத்தியர்கள் திறமைசாலிகள். ஆனால் ஆங்கிலம் தெரிந்த வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் காத்திருந்தன. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் யாழ்ப்பாணக் கிராமங்களை விட்டுப் போனார்கள். கிராமத்துக்கு வைத்தியர் வேண்டும் என்று தொடங்கிய வகுப்பு, கிராமத்திலிருந்து வைத்தியரை வெளியேற்றும் வகுப்பாகிக்கொண்டிருந்தது. இந்தச் செய்தி நமக்குப் புதிதன்று. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நம் வீடுகளில் நடப்பது இதுவே.

கிறீன் 1857இல் தாயகம் திரும்பினார். மார்கிரற் வில்லியம்ஸ் என்பவரை மணந்து 1862இல் மறுபடி யாழ்ப்பாணம் வந்தார். வந்தபின் எடுத்த முடிவே அவரை மற்றக் கிறீன்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். தமிழில் படித்தவர் ஊரிலேயே தங்குவார், தம் மக்களிடையே தொழில் செய்து பிழைப்பார் என்பது அவர் கணக்கு. மிஷனின் மேலிடம் 1855இல் வட்டுக்கோட்டை செமினரியை மூடி, தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தியதும் இம்முடிவுக்கு ஒத்த சூழலாக அமைந்தது. ஆனால் ஆரம்பப் பாடசாலையைத் தமிழில் நடத்துவது வேறு, சத்திரசிகிச்சையைத் தமிழில் கற்பிப்பது வேறு. முன்னதற்குப் புத்தகம் இருந்தது. பின்னதற்கு ஒவ்வொரு சொல்லையும் தேட வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பு வேலையை அவர் முதல் முறை வந்தபோதே ஆரம்பித்திருந்தார். உடலின் அமைப்பையும் தொழிலையும் கூறும் அங்காதிபாத நூல் 1852இல் வெளிவந்தது. பிரசவ வைத்தியம் 1857இல் வந்தது. இரண்டாம் வருகையின் பின் பெரிய நூல்கள் தொடர்ந்தன. 1867இல் இரண வைத்தியம். 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும். 1875இல் கெமிஸ்தம். 1883இல் மனுஷ சுகரணம். 1884இல் இந்து பதார்த்த சாரம். எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் வரும். இவற்றுட் பல அக்காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மருத்துவ மாணவர் படித்த பாடநூல்கள். எளிமைப்படுத்திய சுருக்கங்கள் அல்ல.

இந்தச் சுமையை அவர் தனியே தாங்கவில்லை. டான்போத், சப்மன் முதலிய மாணவர் அவருடன் இருந்து மொழிபெயர்த்தார்கள், திருத்தினார்கள், சில நூல்களை முழுவதுமாகவே தமிழாக்கினார்கள். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்த தமிழரும் தமிழ் கற்ற ஆங்கிலேய மொழியாளரும் எதிரெதிரே அமர்ந்து ஒரு சொல்லுக்காக வாதாடியிராவிட்டால் இந்நூல்கள் பிறந்திரா. நூலின் முகப்பில் கிறீன் பெயர் பெரிதாக நிற்பதால் மற்றவர்களை மறந்துவிடுவது நியாயமன்று.

சொல் தேடுவதற்கு அவர் வகுத்த முறை இன்றும் பயன்தரக்கூடியது. முதலில் தமிழில் வழங்கும் சொல் உண்டா என்று பார்க்கவேண்டும். ஊர் வைத்தியரின் வாயிலும் ஏட்டிலும் உள்ள சொல்லையும் கணக்கில் எடுக்கவேண்டும். கிடைக்காவிடின் சமஸ்கிருதத்தை நாடவேண்டும். அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்ப எழுதவேண்டும். கெமிஸ்தம் என்ற பெயர் இக்கடைசி வழியால் வந்தது. தேடிய சொற்களைத் தம் நூல்களில் புதைத்துவிடாமல், பிறருக்கும் உதவும்படி தனிச் சொற்பட்டியல்களாகவும் வெளியிட்டார்.

அந்தச் சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதத்தை நாம் உடலமைப்பியல் என்கிறோம். சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று. கெமிஸ்தம் இரசாயனவியலுக்கு இடம் விட்டது. இரண வைத்தியம் சத்திரசிகிச்சை என்று வழங்குகிறது. சொல் மாறியதால் வேலை வீணாயிற்று என்று எண்ண வேண்டாம். சுதந்திரத்தின் பின் நம் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழில் கற்பிக்கப்பட்டபோது, தமிழால் முடியுமா என்று ஐயப்பட்டவர்கள் பலர். முடியும் என்பதற்குச் சான்று அவர்கள் பிறப்பதற்கு முன்பே மானிப்பாயில் அச்சாகிக் கிடந்தது. விஞ்ஞான ஆசிரியை கரும்பலகையில் தமிழில் எழுதிய கலைச்சொற்களைப் பார்த்தெழுதி, பின்னாளில் வெளிநாட்டு ஆசுபத்திரிகளில் வைத்தியராகவும் தாதியராகவும் விளங்கும் நம் மாணவிகள் அதற்கு இன்னொரு சான்று.

இரண்டு முடிவுகள்

உடல்நலம் குன்றிய கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கியிருந்தார். அவருள் முப்பதுக்கும் மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர்கள். வூஸ்ரருக்குத் திரும்பிய பின்னும் தமிழை விடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போயின. திருத்தங்கள் கப்பலில் திரும்பி வந்தன. தமிழ் பேச ஒருவரும் இல்லாத ஊரிலே இருந்துகொண்டு பதினொரு ஆண்டு தமிழ் மருத்துவ நூல்களோடு அவர் வாழ்ந்தார். மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் அவ்வாறு முடிந்தவையே. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் திகதி கிறீன் ஹில்லில் காலமானார். தாம் தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்பது தம் கல்லறையில் பொறிக்கப்படவேண்டும் என்று விரும்பியிருந்தார். அது அவ்வாறே வூஸ்ரர் சேமக்காலையில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தக் கல்லைக் காணும் வழிப்போக்கருக்குத் தமிழர் என்போர் யார் என்று விளங்குமோ தெரியாது.

அண்ணனின் முடிவு வேறுவிதமாயிற்று. அன்ட்ரூ கிறீன் 1903 நவம்பர் 13ஆம் திகதி, எண்பத்துமூன்றாம் வயதில், நியூயோர்க்கில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அவரை வேறொருவர் என்று எண்ணிச் சுட்டுவிட்டான். ஒரு மாநகரை உருவாக்கியவர் ஆள்மாறாட்டத்தால் உயிரிழந்தார். அதன்பின் அந்நகரமும் அவரை மெல்ல மறந்தது. ஆளை ஆளாக அடையாளம் காணத் தவறுவதன் விலை எவ்வளவு பெரிதாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

தம்பியின் பெயர் மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த ஆசுபத்திரி என்று நிலைத்திருக்கிறது. அவர் சென்ற பின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஆனால் மிஷன் வைத்தியப்பணி தொடர்ந்தது. பெண்களுக்கென்று இணுவிலில் மக்லியட் ஆசுபத்திரி 1898இல் திறக்கப்பட்டது. வைத்தியர் இசபெல்லா கேர் அம்மையார் அங்கே பணியாற்றினார். நம்மில் மூத்தோர் பலர், அல்லது நம் தாய்மார், கண் விழித்தது இவ்விரு ஆசுபத்திரிகளில் ஒன்றில்தான்.

கிறீனைப் போற்றும்போது அவரை அவராகவே பார்க்கவேண்டும். மதம் மாற்றுவதே அவர் வந்த நோக்கம். அதை அவர் மறைக்கவில்லை. நம் சுதேச வைத்தியத்தின் பெருமையை அவர் முற்றாக உணர்ந்தார் என்றும் சொல்லமுடியாது. அதை அகற்றி மேலை மருத்துவத்தை நிறுத்தவே முயன்றார். சைவக் குடும்பங்களில் பிறந்த நம்மில் பலர் இவ்விரண்டையும் ஏற்கமாட்டோம். அப்படியிருந்தும், நோயாளியின் மொழியில் வைத்தியர் பேசவேண்டும், படிக்கவேண்டும், சிந்திக்கவேண்டும் என்று தம் வாழ்நாளைச் செலவிட்டவரிடம் நாம் பட்ட கடன் கடனே.

அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்க்க நமக்கு வழி உண்டு. கிறீனின் நூல்கள் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து வைத்தியர் வீடுகளில் இருந்தன. 1981இல் நூலகம் எரிந்தது; இடம்பெயர்வுகளில் வீடுகளும் அலுமாரிகளும் அழிந்தன. எஞ்சியவை எங்கோ பேரப்பிள்ளைகளின் கையில், வாசிக்க ஆளில்லாமல், ஒரு பெட்டியின் அடியில் கிடக்கலாம். பாட்டனார் வைத்தியராக இருந்த சகோதரிகள் தயவுசெய்து பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அட்டை கிழிந்த நூலாயினும், பக்கம் குறைந்த நூலாயினும், குப்பைக்குப் போகுமுன் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துப் படியெடுக்கச் செய்யுங்கள். முகப்புப் பக்கத்தில் கிறீன் என்று மட்டும் இருந்தால் எந்தக் கிறீன் என்று இனி உங்களுக்குச் சந்தேகம் வராது.